தேன்பெட்டிக்கு எறும்பு வந்தால்

மார்த்தாண்டம் பக்கம் போனால் வீட்டுக் கொல்லையிலும் ரப்பர் தோட்டத்திலும் தேன்பெட்டிகளைப் பார்க்கலாம். பெட்டியைத் தாங்கும் காலைச் சுற்றி ஒரு கிண்ணம், அதில் தண்ணீர். எறும்பைத் தடுக்கும் அகழி அது.

நம் ஊர் அடுக்குத் தேனீக்குத் தொல்லை தாங்காவிட்டால், கூட்டையே விட்டுப் பறந்துவிடும். எறும்பு தேனோடு நிற்பதில்லை; முட்டையையும் புழுவையும்கூடத் தூக்கிப் போகும். பலமான கூட்டம் சமாளித்துக்கொள்ளும். புதிதாகப் பிரித்து வைத்த சின்னக் கூட்டம்தான் பாவம்.

கிண்ணம் வைத்தால் மட்டும் போதாது. சித்திரை வெயிலில் தண்ணீர் வற்றிவிடும். உதிர்ந்த மாவிலை ஒன்று விளிம்பில் சாய்ந்தாலே போதும், எறும்பு வரிசை அதன்மேல் ஏறிவிடும். அதனால் காலையில் எழுந்ததும் ஒரு நடை போய்ப் பாருங்கள். பெட்டியைத் தொடும் புல்லையும் கிளையையும் வெட்டிவிடுங்கள். முசுறு எறும்பு கூடு கட்டிய மரத்தடியில் பெட்டியே வேண்டாம். பூவில்லாத மாதங்களில் சர்க்கரைப் பாகு கொடுப்பவர்கள், சாயங்காலத்தில், சிந்தாமல், பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.

எறும்புப் பொடியை மட்டும் பெட்டியருகே தூவவே தூவாதீர்கள்; அது தேனீயையும் கொல்லும். அவசரத்துக்குப் பெட்டிக் காலில் கிரீஸ் தடவலாம். தூசி படிந்ததும் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும்.