பள்ளிவாசலின் கோரிக்கையும் பக்கத்து வீட்டின் வடிகானும்



எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே உரித்தாகுக. ஸலவாத்தும் ஸலாமும் எம் தலைவர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



இன்று நான் எடுத்துக்கொண்டுள்ள விடயம் மிம்பரில் அதிகம் பேசப்படாத ஒன்று. நாம் வாழும் ஊரின் சபையிடம் ஒரு ஜமாஅத் எதனைக் கேட்கலாம், எவ்வாறு கேட்க வேண்டும், கேட்கும் முன்னர் தன்னிடம் எதனைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அது. "இது அரசியல் அல்லவா, ஹஸ்ரத்?" எனச் சிலர் எண்ணக்கூடும். தெருவிலே கிடக்கும் துன்பம் தரும் பொருளை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணிக் காட்டியிருக்கும்போது, அந்தத் தெருவையே பராமரிக்கும் சபையின் அலுவல்கள் மார்க்கத்துக்குப் புறம்பானவை என எப்படிக் கூற முடியும்?

எமது நாட்டின் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2023 மார்ச் 19ஆம் திகதியுடன் முடிவுற்றது. அதன் பின்னர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக மாநகர சபைகளை ஆணையாளர்களும் ஏனைய சபைகளைச் செயலாளர்களுமே நிர்வகித்தனர். தேர்தல் உரிய காலத்தில் நடத்தப்படாமையால் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடைபெற்று, பண்டாரவளை, பதுளை மாநகர சபைகள் முதல் எமது ஊவா மாகாணத்தின் பிரதேச சபைகள் வரை மீண்டும் மக்கள் பிரதிநிதிகள் வந்தமர்ந்தனர். அடைபட்டிருந்த கதவு திறந்தால் வாசலில் கூட்டம் சேர்வது இயல்பு. மையவாடிக்குச் சுற்றுமதில், பள்ளிவாசல் ஒழுங்கைக்குக் கொங்கிரீட், ரமழானுக்கு முன்னர் தெருவிளக்கு, ஜும்ஆ நேரத்தில் வாகனத் தரிப்பிடம், ஹஜ்ஜுப் பெருநாளைக்கு உழ்ஹிய்யா அனுமதி எனக் கடிதங்கள் குவிந்தன. இவற்றில் எதுவும் கேட்கக்கூடாத விடயம் அன்று. நாமும் இந்நாட்டின் குடிமக்கள், சோலைவரி செலுத்துபவர்கள்.

ஆயினும் ஒரு கப்பலின் உவமையை இங்கே நினைவூட்டக் கடமைப்பட்டுள்ளேன். நுஃமான் இப்னு பஷீர் (ரழி) அவர்கள் அறிவிக்க, இமாம் புகாரி அவர்கள் பதிவு செய்துள்ள ஹதீஸ் அது. ஒரு கூட்டத்தார் சீட்டுப் போட்டுக் கப்பலில் இடம் பிரித்துக்கொள்கின்றனர். சிலருக்கு மேல்தளம், சிலருக்குக் கீழ்த்தளம். கீழே இருப்போர் தண்ணீர் எடுக்க மேலே ஏறி, மேலே இருப்போரைக் கடந்தே செல்ல வேண்டியுள்ளது. மேலிருப்போருக்குத் தொல்லை கொடுப்பானேன், எமது பங்கிலேயே ஒரு துளையிட்டுக்கொள்வோமே என அவர்கள் எண்ணுகின்றனர். அவர்களை அப்படியே விட்டால் அனைவரும் மூழ்குவர். தடுத்தால் அனைவரும் பிழைப்பர்.

இந்த ஹதீஸை நாம் பெரும்பாலும் பாவத்தைத் தடுக்கும் கடமைக்கே ஆதாரமாகக் காட்டுகிறோம். அது சரியே. ஆனால் கீழ்த்தளத்தாரின் எண்ணத்தைச் சற்று உற்று நோக்குங்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களுடைய தேவை உண்மையானது. தண்ணீர் இன்றி எவரும் வாழ முடியாது. பிறருக்குத் தொல்லை தரக்கூடாது என்ற நல்லெண்ணமும் அவர்களிடம் இருந்தது. பிழை எங்கே நேர்ந்தது? "எமது பங்கு" என்று அவர்கள் நினைத்த இடத்தில்தான். கடலிலே மிதக்கும் பலகையில் தனிப்பங்கு என ஒன்று இல்லை. மலைநாட்டு ஊர்களில் வாழும் எமக்கு இதனை விளக்கவும் வேண்டுமா? மேல் வீட்டுக் கூரைத் தண்ணீர் கீழ் வீட்டு வாசலால்தானே ஓடுகிறது!

இனி, நான் சொல்ல வெட்கப்படும் ஒரு சம்பவத்தைக் கூறுகிறேன். அரபுக் கல்லூரியிலிருந்து பட்டம் பெற்று வெளியேறிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். நான் இமாமாகப் பணிபுரிந்த ஒரு பள்ளிவாசலில் வுழூச் செய்யும் இடம் போதவில்லை. நிர்வாகத்தினர் பின்புறமாகச் சுவரை நகர்த்தி விசாலமாக்கத் தீர்மானித்தனர். சபையின் வரைபட அனுமதி பெறப்படவில்லை. "அல்லாஹ்வின் வீட்டுக்கு யாரிடம் அனுமதி?" என ஒரு பெரியவர் கேட்டபோது எல்லோரும் தக்பீர் சொல்லாத குறையாக மகிழ்ந்தோம். அடிக்கல்லுக்கு துஆ ஓதியவன் நானே.

அதற்கு முந்திய வியாழன் இரவு, நில அளவை படித்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் என்னிடம் வந்து, "ஹஸ்ரத், சுவர் வரப்போகும் இடம் வடிகானுக்கு ஒதுக்கிய நிலம் அல்லவா?" என்று கேட்டார். நான் நிர்வாகத்தாரிடம் கூறுமாறு அனுப்பிவைத்தேன். அவர்கள் "முதலில் ஸுப்ஹுக்கு வரப் பழகு" என்று கூறி அவரது வாயை அடைத்துவிட்டனர். பெற்றோர்களே, அந்தப் பிள்ளை அதன் பிறகு பல மாதங்கள் பள்ளிவாசல் பக்கம் வரவில்லை. அவர் கேட்டது மார்க்கக் கேள்வி. நாங்கள் ஓதிய ஷாபிஈ மத்ஹபின் நூல்களில் ஸுல்ஹ் என்ற பாடத்திலே, பொதுப் பாதையில் நடப்போருக்கு இடையூறு தரும் எதனையும் செய்யலாகாது, வழிப்போக்கருக்குத் தீங்கு தருமாறு வீட்டின் முகப்பையும் நீட்டலாகாது என்றெல்லாம் விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. உஸ்தாதின் முன்னால் அமர்ந்து வரி வரியாக ஓதியவன் நான். அடிக்கல்லின் முன்னால் நின்றபோது அது என் நினைவுக்கு வரவில்லை; அல்லது வரவிடவில்லை.

ஐப்பசி மழை வந்தது. கானில் ஓட இடமின்றித் தேங்கிய தண்ணீர் பக்கத்து வீட்டுக் குசினிக்குள் புகுந்தது. அது தனித்து வாழ்ந்த ஒரு சிங்களத் தாயின் வீடு. அவர் எவரிடமும் சண்டைக்கு வரவில்லை. வாளியால் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். நாம் அஸர் தொழுகைக்கு வுழூச் செய்த தண்ணீரும் அதிலே கலந்திருந்தது.

சில வாரங்களில் சபையிலிருந்து அறிவித்தல் வந்தது. உடனே எம்மவர் செய்தது என்ன? "முஸ்லிம்கள் என்பதனால்தான் இப்படி" என்று பேச்சு எழுந்தது. அரசியல்வாதி ஒருவரைப் பிடித்து அந்த அறிவித்தலை நிறுத்தி வைக்க ஓட்டம் தொடங்கியது. எமது நாட்டில் எமக்கு அநீதி நிகழ்வதில்லை என நான் கூறமாட்டேன். ஆனால் நாமே செய்த தவற்றுக்கும் அந்தப் பெயரைச் சூட்டினால், உண்மையாகவே அநீதி நிகழும் நாளில் எம் சொல்லை யார் நம்புவார்?

அன்றிரவு எனக்கு அப்பாஸ் (ரழி) அவர்களின் வீட்டுக் கூரைக் குழாய் ஞாபகம் வந்தது. முஸ்னத் அஹ்மதில் இடம்பெறும் செய்தி. கலீஃபா உமர் (ரழி) அவர்கள் ஜும்ஆவுக்காக நல்லாடை உடுத்துப் புறப்பட்டு வருகிறார்கள். அப்பாஸ் (ரழி) அவர்களின் வீட்டில் கோழிக் குஞ்சுகள் இரண்டு அறுக்கப்பட்டு, இரத்தம் கலந்த தண்ணீர் கூரைக் குழாய் வழியாக ஊற்றப்படுகிறது. அது வழியால் சென்ற கலீஃபாவின் ஆடையில் விழுகிறது. பாதைக்கு இடையூறு என்பதனால் குழாயைப் பிடுங்குமாறு உமர் (ரழி) அவர்கள் கட்டளையிட்டு, வீடு சென்று ஆடை மாற்றி வந்து தொழுகை நடத்துகிறார்கள். பின்னர் அப்பாஸ் (ரழி) அவர்கள் வந்து, அக்குழாயை அந்த இடத்தில் வைத்தவர் அல்லாஹ்வின் தூதரே என்று கூறுகிறார்கள். உடனே உமர் (ரழி) அவர்கள், தமது முதுகின் மேல் ஏறி நின்று அதனை இருந்த இடத்திலேயே மீண்டும் பொருத்துமாறு அவர்களை வற்புறுத்துகிறார்கள். அப்படியே செய்யப்பட்டது.

அதிகாரம் உடையவர் முடிவெடுத்தார். பாதிக்கப்பட்டவர் நேரில் வந்து, கூட்டம் சேர்க்காமல், தமது ஆதாரத்தைக் கூறினார். ஆதாரம் சரியென்று கண்டதும் முடிவு மாற்றப்பட்டது. எம்மிடம் அவ்வாறு கூற என்ன ஆதாரம் இருந்தது? எதுவும் இல்லை. மறுநாள் மஷூராவில் அதனையே கூறினேன். நான் துஆ ஓதியதும் தவறென்று கூறினேன். நீண்ட வாக்குவாதத்தின் பின்னர் சுவரின் ஒரு பகுதியை நாமே உடைத்தோம். ஜமாஅத்தார் தந்த பணம் வீணாயிற்று என்ற மனவருத்தம் பலருக்கு இருந்தது, எனக்கும் இருந்தது.

ஓட்டம் பற்றிக் கூறினேன் அல்லவா, அதனுடன் சேர்ந்த இன்னொன்றும் உண்டு. பெருநாளைக்கு அயலவர் வீட்டுக்கு வட்டிலப்பம் கொடுப்பது அழகான பழக்கம். ஆனால் எமது விண்ணப்பம் ஓர் அலுவலரின் மேசையில் இருக்கும்போது மாத்திரம் அவரது வீடு எமக்கு அயல்வீடாகிவிடுவது எப்படி? ஸகாத் வசூலிக்கச் சென்றவர் இது எனக்குத் தரப்பட்ட அன்பளிப்பு என்று கூறியபோது, பெற்றோரின் வீட்டிலேயே அமர்ந்திருந்தால் அது தேடி வந்திருக்குமா என நபி (ஸல்) அவர்கள் கடிந்து கேட்டார்கள். வாங்குபவருக்கான கேள்வியே அது. கொடுப்பவரும் அதில் தப்ப முடியாது.

நேயர்களே, கேட்பவரின் பண்பைப் பற்றிப் பேசினேன். முடிவெடுக்கும் சபையின் பெறுமதி என்னவென்று ஓட்டமாவடியிலே கண்டோம். கொரோனாவினால் மரணித்தோரின் உடல்களைக் கட்டாயமாக எரிக்க வேண்டுமென்ற விதி 2020 ஏப்ரலில் வர்த்தமானியில் வெளியானபோது எம் சமுதாயம் அழுத அழுகையை நீங்கள் அறிவீர்கள். 2021 பெப்ரவரியில் நல்லடக்கத்துக்கு அனுமதி வந்தது. எங்கே அடக்குவது? நாட்டின் எல்லாப் பகுதியிலிருந்தும் வரும் ஜனாஸாக்களைத் தன் எல்லைக்குள் ஏற்றுக்கொள்ளும் துணிவு எந்த ஊருக்கு இருக்கும்? கோறளைப்பற்று மேற்கு பிரதேச சபையின் எல்லைக்குட்பட்ட மஜ்மா நகரில் 2021 மார்ச் 5ஆம் திகதி அடக்கம் தொடங்கியது. ஓராண்டுக் காலத்தில் மூவாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கப்பட்டனர். அவர்களுள் இந்துக்கள், பௌத்தர்கள், கிறிஸ்தவர்களும் இருந்தனர். ஒரு சாதாரண பிரதேச சபை. நிதியும் ஆளணியும் குறைந்த சபை. கட்டாய எரிப்புக்காக அரசாங்கம் மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது 2024 ஜூலையில்தான். அந்தச் சபையோ அதற்கு முன்னரே மண்ணைத் தோண்டி இடம் கொடுத்துவிட்டது.

அந்த நாட்களில் எமக்காகக் குரல் கொடுத்த பிற சமயத்தவரை நன்றியோடு நினைவுகூர்கிறோம். சரி, நாம் யாருக்காகக் குரல் கொடுத்தோம்? பண்டாரவளையைச் சூழவுள்ள தோட்டங்களைப் பாருங்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக இருந்தமையால், தோட்டக் குடியிருப்புகளின் பாதைக்கோ வடிகானுக்கோ பிரதேச சபை தன் நிதியைச் செலவிட இயலாதிருந்தது. அந்த மக்கள் சபைக்கு வாக்களித்தனர். அதே சபையிடம் லயத்துப் பாதைக்கு ஒரு வண்டி மண் கேட்டால் சட்டம் இடம் தராது என்று பதில் வந்தது. 2018இலேதான் பாராளுமன்றம் அதனைத் திருத்தியது. முப்பத்தொரு ஆண்டுகள்! தோட்டத்தார் சம்பள நாளில் நகருக்கு வந்தால்தான் எம்மவரின் கடைகளில் வியாபாரம். அவர்களது பாதைக்காக எமது வர்த்தகர்களோ பள்ளிவாசல்களோ எத்தனை கடிதங்கள் எழுதினோம்? நான் ஒன்றேனும் எழுதியதில்லை. நீதியை நிலைநாட்டுமாறு அல்குர்ஆன் ஏவும்போது, உங்களது ஆட்களுக்கு மாத்திரம் என அது கூறவில்லை.

உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்தில் 2014 இறுதியில் நீர் கசியத் தொடங்கி, பண்டாரவளைப் பிரதேசத்தின் கிணறுகள் வற்றி, வீடுகள் வெடித்தபோது, வற்றிய கிணறு எவருடையது என்று நிலம் பார்க்கவில்லை. 2017 ஜூனில் இந்நகரத் தெருக்களில் திரண்ட மக்கள் ஒரே குரலில் பேசினார்கள். அவ்வளவு பெரிய விடயம் மாநகர சபையின் கையில் அடங்காது என்பது வேறு கதை. ஆனால் ஒன்றாகக் கேட்கும் பழக்கம் எமக்குப் புதிதன்று என்பதற்காகக் கூறினேன்.

இளைஞர்களே, உங்களுக்கு வேலை இருக்கிறது. பெரியவர்கள் தொலைபேசியில் பேசி முடிப்பதை நீங்கள் எழுத்தில் கொடுங்கள். திகதியிடுங்கள், பிரதியில் சபையின் முத்திரையைப் பெற்று வையுங்கள். உங்கள் கோரிக்கைக்கு நேர்ந்தது என்னவென்று அறிய 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பதினான்கு வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை உங்களுக்கு அறிவிக்க வேண்டும். உங்கள் தாய்மாரிடமும் சகோதரிகளிடமும் கேளுங்கள்: ஞாயிற்றுச் சந்தைக்கு வரும் பெண்களுக்கு மலசலகூட வசதி எப்படி இருக்கிறது? எந்த நிர்வாக சபையின் கடிதத்திலும் அதனை நான் கண்டதில்லை. உழ்ஹிய்யா அனுமதி கேட்கும் கடிதத்திலேயே கழிவை எங்கே, எவர் பொறுப்பில் புதைப்போம் என்பதையும் எழுதுங்கள். வீட்டுக்காரர்களே, ஆண்டு முழுவதற்குமான சோலைவரியை ஜனவரி 31க்கு முன்னர் செலுத்தினால் நூற்றுக்குப் பத்து வீதம் கழிவும் உண்டு. வரி நிலுவையை வைத்துக்கொண்டு தெருவிளக்கு கேட்பது, பிறரின் பணத்தில் வெளிச்சம் கேட்பதாகும்.

அந்தப் பள்ளிவாசலின் கதையை முடிக்காமல் விட்டுவிட்டேன். சுவரை உடைத்த பின்னர் சபைக்கு ஒரு கடிதம் எழுதினோம். வடிகானைச் சீர்செய்து மூடி போட வேண்டும், வெள்ளிக்கிழமைகளில் எதிர்ப்புறம் வாகனம் நிறுத்த அனுமதிக்க வேண்டும் என இரண்டு கோரிக்கைகள். கடிதத்தை எழுதியவர் அந்த நில அளவை இளைஞர். அவரை அழைத்து வர நான் அவரது வீட்டுக்கு இரண்டு தடவை செல்ல வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுத் தாயிடம் கையெழுத்துக் கேட்டபோது, அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து, முழுவதையும் வாசிக்கச் செய்து கேட்டு, தமது வீட்டு இலக்கத்தையும் சேர்த்து எழுதினார். வாகனத் தரிப்பிடம் மறுக்கப்பட்டது. அது வளைவான இடம், விபத்து நேரும் என்று காரணம் காட்டியிருந்தனர். காரணம் சரியாகவே இருந்தது. நாம் தொலைவில் நிறுத்தி நடந்து வரப் பழகினோம். வடிகான் அடுத்த ஆண்டுப் பாதீட்டில் சேர்க்கப்பட்டு, பாதித் தூரத்துக்கு மூடியும் போடப்பட்டது. மீதிப் பாதிக்கு மறுபடியும் எழுதினோம்.