தோற்ற மறுநாள்

2024 ஏப்ரலில் டொராண்டோவில் நடந்த கேண்டிடேட்ஸ் செஸ் போட்டியின் 7-வது சுற்றில், 17 வயது குகேஷ் அலிரேசா பிரூஜாவிடம் தோற்றார். கடிகாரம் நெருக்கிய கடைசி நிமிடங்களில் ஆட்டம் கையைவிட்டுப் போனது. மறுநாள் ஓய்வு நாள். அதற்குப் பிறகு ஆடிய 7 ஆட்டங்களில் ஒன்றில்கூட அவர் தோற்கவில்லை. 13-வது சுற்றில் அதே பிரூஜாவை வென்றார், கடைசியில் போட்டியையும் வென்றார். இதை வெல்லலாம் என்று தனக்குத் தோன்றியதே அந்தத் தோல்விக்குப் பிறகுதான் என்று பின்னால் அவரே சொன்னார். இளம் வீரர்களின் மன உறுதியைப் பற்றிப் பேசுவதென்றால் அந்த ஓய்வு நாளிலிருந்துதான் பேச வேண்டும். மன உறுதி என்றதும் பல்லைக் கடித்துக்கொண்டு வலியைத் தாங்குவதையே நினைக்கிறோம். ஆனால் களத்தில் அதற்கு இன்னும் சின்ன வேலை இருக்கிறது: போன புள்ளியை விட்டுவிட்டு அடுத்த புள்ளிக்கு வந்து சேர்வது. இது பிறவிக் குணமல்ல, சர்வீஸ் போடுவதைப் போலப் பழகிப் பழகி வருவது. பேட்மின்டன் பயிற்சியில் ஆட்டத்தை 15-19 என்று பின்தங்கிய நிலையிலிருந்தே தொடங்கச் சொல்வதும், கால்பந்தில் கால் ஓய்ந்த பிறகு பெனால்டி உதைக்கச் சொல்வதும் இந்தப் பழக்கத்துக்காகத்தான்.

‘அடியாத மாடு படியாது’ என்பார்கள். கடுமையாகத் திட்டி வளர்த்த பயிற்சியாளர்களிடமிருந்து பதக்கம் வாங்கியவர்கள் வந்திருக்கிறார்களே என்றும் கேட்பார்கள். வந்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் மேடையில் நிற்பவரைத்தான் நாம் பார்க்கிறோம். அதே மைதானத்தில் பதினான்கு வயதில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுப் போனவர்களை யாரும் எண்ணுவதில்லை. திட்டு இன்னொரு கெடுதலும் செய்கிறது. எதிரில் நிற்பவரைப் பற்றிய பயம் போதாதென்று, வீட்டுக்குப் போனால் என்ன கேட்பார்கள் என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. அந்த இரண்டாவது பயத்தோடு ஆடும் பிள்ளை துணிந்து அடிக்காது, தப்பு நேராமல் பார்த்துக்கொள்ளும். ஆட்டம் முடிந்து பைக்கின் பின்சீட்டில் ஏறும் முன்பே ஸ்கோர் கேட்கும் அப்பாக்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டா, கல்லூரி இடம், அரசு வேலை என்று அவர்களையும் ஏதோ ஒன்று துரத்துகிறது.

அப்படியானால் போட்டியே வேண்டாமா, பிள்ளைகள் மழுங்கிவிட மாட்டார்களா? நார்வே இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. 1987-ல் தொடங்கிய அங்கத்திய சிறுவர் விளையாட்டு விதிகள் இன்று சொல்வது இது: 11 வயதுக்கு முன் முடிவுப் பட்டியலோ தரவரிசையோ கூடாது, 13 வயதுக்கு முன் தேசியச் சாம்பியன்ஷிப் கிடையாது. அங்கும் சிறுவர்கள் மோதத்தான் செய்கிறார்கள், தோற்கவும் செய்கிறார்கள். அந்தத் தோல்வி ஒரு பட்டியலில் ஏறி அவர்கள் பின்னாலேயே வருவதில்லை. சுமார் 55 லட்சம் பேர் உள்ள அந்த நாடு 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கத்துடன் முதலிடம் பிடித்தது. பணமும் பனியும் இருக்கிறது, ஜெயிக்கிறார்கள் என்றால், அது நியாயமான பேச்சுதான். பதக்கங்களை விதிதான் தந்தது என்று நான் சொல்ல மாட்டேன். போட்டி மனப்பான்மையை அந்த விதி கெடுக்கவில்லை என்பது மட்டும் தெளிவு.

இதைவிடக் கனமான மறுப்பு குகேஷிடமிருந்தே வருகிறது. சின்ன வயதிலேயே போட்டி போட்டியாக ஆடியவர், 12 வயது 7 மாதத்தில் கிராண்ட்மாஸ்டர் ஆனவர். ஆகவே எல்லா ஆட்டத்துக்கும் ஒரே வயதுக் கோடு கிழிக்க முடியாது. ஆனால் உலகின் மிக இளைய கிராண்ட்மாஸ்டர் என்ற அன்றைய சாதனையை அவர் 17 நாளில் தவறவிட்டதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு வயதில் அது பெரிய இழப்பு. அதோடு ஆட்டம் நின்றுவிடவில்லை. 2024 நவம்பரில் தொடங்கிய சிங்கப்பூர் உலகச் சாம்பியன்ஷிப்பில் முதல் ஆட்டத்திலேயே தோற்றார். பிறகு சமன்செய்து, 11-வதை வென்று முன்னேறியவர் 12-வதில் மறுபடி தோற்று 6-6 என்று நின்றார். 13-வது டிரா. 14-வதில் அவரிடம் ஒரு சிப்பாய் மட்டுமே கூடுதல். டிரா என்று கைகுலுக்கி எழுந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. 55-வது நகர்த்தலில் எதிரே ஆடிய டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார்.