பட்டமும் பாருங்கள், வானிலையும் கேளுங்கள்

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பார்கள். ராசிபுரம், ஆத்தூர் பக்கத்து மானாவாரிச் செம்மண்ணில் அந்தப் பட்டத்தை நம்பித்தான் நிலக்கடலை விதைக்கிறோம். முதல் மழைக்கே விதைத்துவிட்டு, அடுத்த மழை தள்ளிப்போனால் முளைத்த பயிர் கருகும்; விதைக்காசும் போகும்.

இதற்குக் கைகொடுக்கத்தான் செவ்வாய், வெள்ளிதோறும் வேளாண் வானிலை அறிக்கை வருகிறது. அடுத்த ஐந்து நாள் மழை, வெயில், காற்று எப்படி என்று அது சொல்லும். சேலம் சந்தியூரிலும் நாமக்கல்லிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களில் விசாரிக்கலாம். 2019-இல் வந்த 'மேக்தூத்' செயலியில் தமிழிலேயே பார்க்கலாம்.

ஆனால் அறிக்கை வட்டாரத்துக்கே பொதுவானது. உங்கள் காட்டின் ஈரம் உங்கள் கைக்குத்தான் தெரியும். மழை விட்டதும் ஒரு சாண் தோண்டி, மண்ணை அள்ளிப் பிடித்துப் பாருங்கள். உதிராமல் உருண்டையாக நின்றால் ஈரம் இறங்கியிருக்கிறது. அறிக்கையும் மழை சொன்னால் தைரியமாக விதையுங்கள். இல்லையென்றால் அடுத்த அறிக்கைவரை பொறுங்கள். பட்டம் தவறினாலும் கவலை வேண்டாம், புரட்டாசியில் கொள்ளு போடலாம்; குறைந்த ஈரத்திலும் வரும்.

பெரியவர்களின் பட்டறிவையும் அறிக்கையையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுங்கள். வறட்சி வருஷத்திலும் விதை வீணாவது குறையும்.