இடுக்கண் வேறு, நோய் வேறு
(ஆலயத் திருவிழாவையொட்டி மண்டபத்தில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

திருவிழாக் காலத்தில் ஆலயத்திற்கு வருவோரின் கையில் அர்ச்சனைத் தட்டு இருக்கிறது. நெஞ்சில் ஒரு வேண்டுதல் இருக்கிறது. மகனுக்கு வேலை கிடைக்க வேண்டும், மகளுக்கு நல்ல வரன் அமைய வேண்டும், கணவரின் குடிப்பழக்கம் தொலைய வேண்டும் என்று அம்பாளிடம் முறையிடாதவர் எவருமில்லை. இவற்றோடு, வாய்விட்டுச் சொல்லப்படாத வேண்டுதல் ஒன்றும் உண்டு. "வீட்டில் ஒருவருக்கு மனம் சரியில்லை. யாரிடம் சொல்வது, எங்கே அழைத்துச் செல்வது என்று தெரியவில்லை" என்பதே அது. அந்த வேண்டுதலைச் சுமந்து வருவோர்க்கு ஓரளவேனும் வழிகாட்டுவது இவ்வுரையின் நோக்கமாகும்.

திருவள்ளுவர் பெருமான் தம் நூலில் "இடுக்கண் அழியாமை" என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அது 63ஆவது அதிகாரம். "மருந்து" என்று மற்றோர் அதிகாரமும் வகுத்தார், அது 95ஆவது. துன்பம் வந்தால் கலங்காமல் நிற்கும் உறுதியை முன்னதில் போதித்தார். நோய் வந்தால் அதனையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்து தீர்க்கும் முறையைப் பின்னதில் உரைத்தார். நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர் என்னும் நால்வகைத் துணையும் கூடினால்தான் மருத்துவம் நிறைவு பெறும் என்றும் காட்டினார். இடுக்கண் வேறு, நோய் வேறு. இடுக்கணுக்கு மனவுறுதி மருந்தாகலாம். நோய்க்கு மருத்துவரே வேண்டும். மனத்தைப் பொறுத்தவரை இவ்விரண்டையும் பிரித்தறிவதில்தான் நம் குடும்பங்கள் தடுமாறுகின்றன.

இது எங்கோ ஒரு வீட்டின் கதையன்று. 2023ஆம் ஆண்டில் மலேசிய சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வின்படி, 16 வயதுக்கு மேற்பட்டோரில் 4.6 விழுக்காட்டினர், அதாவது ஏறக்குறைய பத்து இலட்சம் பேர், மனச்சோர்வு நோய்க்கு ஆளாகியிருந்தனர். 2019ஆம் ஆண்டு ஆய்வில் இந்த அளவு 2.3 விழுக்காடாக இருந்தது. நான்கே ஆண்டுகளில் அது இரு மடங்காகியிருக்கிறது.

மூன்று கேள்விகள்

வருத்தம் எப்போது நோயாகிறது? இதனை அறியக் குடும்பத்தார் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் மூன்று.

முதல் கேள்வி: எத்தனை நாளாக? பெற்றவரை இழந்தவர் அழுவது இயற்கை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பின்னரும் அந்தத் துயரம் தொடர்வது இயற்கையே. ஆயினும் அத்துயரம் அலைபோல வந்து வந்து போகும். இடையில் பேரக்குழந்தையின் மழலையைக் கேட்டு அவர் சிரிப்பார். பழைய நண்பர் வந்தால் பேசுவார். மனச்சோர்வு நோயில் இந்த இடைவெளி அரிது. ஏறத்தாழ ஒவ்வொரு நாளும், நாளின் பெரும்பகுதியும், மனம் இருண்டே கிடக்கும். முன்பு விரும்பிய எதிலும் நாட்டம் இராது. உறக்கம் கெடும், பசி மாறும், உடல் தளரும், கவனம் சிதறும், "நான் எதற்கும் பயனற்றவன்" என்ற குற்றவுணர்வு மேலோங்கும். இத்தகைய அறிகுறிகள் பல சேர்ந்து இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும் என்பதே மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட அளவுகோல்.

இரண்டாவது கேள்வி: அன்றாட வாழ்க்கை என்ன ஆயிற்று? தொழிற்சாலையில் இருபது ஆண்டுகள் உழைத்த ஒரு குடும்பத் தலைவரை எண்ணிப் பார்ப்போம். அவர் "மனம் சரியில்லை" என்று சொல்லமாட்டார். "நெஞ்சை அடைக்கிறது, தலை கனக்கிறது, உடம்பெல்லாம் எரிகிறது" என்பார். கிளினிக் கிளினிக்காக அலைவார். இருதயம் நன்றாக இருக்கிறது என்றே எல்லாரும் சொல்வார்கள். விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்வார். அடிக்கடி மருத்துவ விடுப்பு எடுப்பார். பிள்ளைகளிடம் எரிந்து விழுவார். வெள்ளிக்கிழமை தவறாமல் ஆலயம் வந்தவர் வருவதை நிறுத்திவிடுவார். சோம்பல் என்று மனைவியும், திமிர் என்று மேற்பார்வையாளரும் எண்ணுவர். வேலை, உணவு, உறக்கம், உறவு ஆகிய நான்கும் ஒருசேரச் சரியும்போது அதனைக் குணக்கேடு என்று ஒதுக்கிவிடாமல், நோயாக இருக்கக்கூடும் என்று ஐயுற வேண்டும்.

பிள்ளைகளிடம் இந்தச் சரிவு வேறு உருவில் வரும். பள்ளிக்குப் போக மறுப்பது, தேர்ச்சி திடீரென வீழ்வது, அறைக் கதவைச் சாத்திக்கொள்வது, உடலில் காயம் செய்துகொள்வது ஆகியவற்றை அடம் என்று அடித்துத் திருத்த முயல்வது தீமையையே விளைவிக்கும். பிள்ளை பெற்ற தாய்மாருக்கு முதல் சில நாள்களில் காரணமின்றிக் கண்ணீர் வருவது பொதுவானது. இரண்டு வாரம் கடந்தும் அது தணியாமல், குழந்தையைத் தொடவும் மனமில்லாமல் இருந்தால் மருத்துவரை நாட வேண்டும். வீட்டு முதியவர் ஒரே நாளில் ஆள் அடையாளம் தெரியாமல் உளறத் தொடங்கினால், "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். சிறுநீர்த் தொற்று முதலிய உடல்நோய்களும் அவ்வாறு செய்யும்.

மூன்றாவது கேள்வி: உயிருக்கு ஆபத்து உண்டா? இதற்கு விடை "ஆம்" என்றாலோ, ஐயம் என்றாலோகூட, இரண்டு வாரம் காத்திருத்தல் கூடாது. இதனைப் பின்னர்க் காண்போம்.

அருளும் நோயும்

ஆலயத்தில் பேசும்போது ஒன்றைத் தெளிவுபடுத்தியே ஆக வேண்டும். உடுக்கை ஒலியிலும் வேப்பிலை மணத்திலும் அருள் வந்து ஆடுவோரை அனைவரும் கண்டிருக்கிறோம். அது மனநோயா என்று படித்த இளைஞர்கள் சிலர் கேட்கின்றனர். மருத்துவ நூல்களும் அதனை நோய் என்று கருதுவதில்லை. ஏனெனில் அருளுக்கு இடமும் காலமும் உண்டு. பூசையில் தொடங்கும், திருநீறிட்டதும் மலையேறும். அதன்பின் அந்த அம்மையார் வீட்டிற்குப் போய்ச் சமைப்பார். மறுநாள் வேலைக்குச் செல்வார்.

நோய்க்கு இந்த எல்லை இல்லை. அடுப்படியிலும் நள்ளிரவிலும் பேருந்திலும் ஒரு குரல் ஓயாமல் பேசும்; திட்டும், சில வேளைகளில் கட்டளையிடும். அண்டை வீட்டார் விஷம் வைக்கிறார்கள் என்ற ஐயம் எவ்வளவு விளக்கினாலும் அகலாது. குளியல் நிற்கும், உணவு நிற்கும், தனக்குத்தானே பேச்சு வளரும். சிலருக்கோ நேர்மாறாக, நாள் கணக்கில் உறக்கமே தேவைப்படாது. பேச்சு வெள்ளமாகப் பெருகும். சேமிப்பெல்லாம் சில நாள்களில் கரையும். தானே தெய்வத்தின் தூதர் என்பர். இவற்றைச் செய்வினை என்றும் காற்றுக் கருப்பு என்றும் கருதி, மந்திரிப்பவரிடம் ஆயிரக்கணக்கான வெள்ளியைக் கொட்டிய குடும்பங்கள் உண்டு. பணம் போவதைவிடக் காலம் போவது பெரிய இழப்பு. இந்நோய்களில் சிகிச்சை எவ்வளவு விரைவில் தொடங்குகிறதோ, அவ்வளவு நன்றாகத் தேறுவர். கட்டிவைப்பதும் அடிப்பதும் எந்த நோயையும் தீர்க்கா. அவை பாவமும் குற்றமும் ஆகும்.

விரதமும் மருந்தும்

காவடி எடுப்போரும் பால்குடம் ஏந்துவோரும் தீமிதிப்போரும் கவனிக்க வேண்டிய செய்திகள் இரண்டு.

முதலாவது, விரதம் தொடங்கியதும் மனநல மாத்திரையை நிறுத்திவிடும் வழக்கம். மாத்திரை விரதத்திற்கு விரோதமன்று. திடீரென நிறுத்தினால், அடங்கியிருந்த நோய் மீண்டும் தலைதூக்கக்கூடும். குறிப்பாக, லித்தியம் என்னும் மருந்தை உட்கொள்வோர் உப்பை வெகுவாகக் குறைத்து, போதிய நீர் அருந்தாமல் வெயிலில் நடந்தால், இரத்தத்தில் அம்மருந்தின் அளவு ஏறி நஞ்சாகிவிடும். ஆகவே நேர்த்திக்கடன் உள்ளோர் விரதத்திற்கு முன்பே மருத்துவரைக் கண்டு ஆலோசனை பெறுதல் வேண்டும். இந்த ஆண்டு இயலாதெனில் அடுத்த ஆண்டு செலுத்தலாம். தாய் பிள்ளையிடம் கணக்குப் பார்ப்பதில்லை.

இரண்டாவது, நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் மாலை அணிந்த அன்றே முற்றாக நிறுத்துவது. எண்ணம் போற்றத்தக்கது. ஆனால் அத்தகையோர்க்கு இரண்டு மூன்று நாள்களில் கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, இல்லாத உருவங்கள் தோன்றுதல் முதலியன ஏற்படலாம். பேய் பிடித்துவிட்டது என்று வேப்பிலை அடிக்க அழைத்து வருவர். அது உயிரைப் பறிக்கக்கூடிய அவசர நிலை. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். குடியை நிறுத்த விரும்புவோர் மருத்துவரின் துணையோடு நிறுத்துவதே பாதுகாப்பானது.

உயிரைக் காக்கும் கேள்வி

"நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி" என்று பேசுவது, அரிய பொருள்களைப் பிறருக்கு எடுத்துக் கொடுப்பது, விடைபெறுவதுபோல் உறவினரைக் காண்பது, நெடுநாள் கலங்கியிருந்தவர் திடீரென அமைதியாவது ஆகியவை எச்சரிக்கைகள். "சொல்பவர் செய்யமாட்டார்" என்பது பிழையான நம்பிக்கை. "உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா?" என்று அன்போடும் நேராகவும் கேட்க வேண்டும். அவ்வாறு கேட்பதால் புதிதாக அந்த எண்ணம் தோன்றிவிடாது. அடைத்து வைத்த பாரத்தை இறக்கிவைக்க அவருக்கு ஒரு வாயில் திறக்கும். அறிவுரையும் கண்டிப்பும் அப்போது வேண்டா, செவிமடுத்தலே வேண்டும். அவரைத் தனியே விடக்கூடாது. மாத்திரைகளையும் பூச்சிமருந்துகளையும் அப்புறப்படுத்திவிட்டு, மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அல்லது 999 எண்ணை அழைக்க வேண்டும்.

போலீஸ் வழக்காகிவிடுமே என்ற அச்சத்தால் பல குடும்பங்கள் முன்பு மறைத்தன. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய குற்றவியல் சட்டத்தின் 309ஆவது பிரிவு 2023ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. இன்று அதற்குரியது சிகிச்சையே, தண்டனை அன்று.

எங்கே செல்வது?

முதற்படி, அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக். குடிமக்களுக்கு அங்கு ஒரு வெள்ளிக் கட்டணந்தான். தைராய்டு குறைபாடு, இரத்தச் சோகை, பி12 உயிர்ச்சத்துக் குறைவு ஆகியனவும் மனச்சோர்வைப் போலவே தோன்றும் என்பதால், தேவையானால் இரத்தப் பரிசோதனை செய்வர். பின்னர் ஆலோசகரிடமோ மனநல மருத்துவரிடமோ அனுப்புவர். சுகாதார அமைச்சின் ஹீல் 15555 என்ற தொலைபேசி எண்ணிலும், கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் தொண்டர்களின் 03-7627 2929 என்ற எண்ணிலும் பேசலாம்.

தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப்பெயரைக் கேலிச் சொல்லாக்கிய வழக்கம் நம்மிடையே நெடுநாளாக உண்டு. 1911ஆம் ஆண்டில் அங்குத் தொடங்கப்பட்ட மருத்துவமனைக்கு இன்று உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை என்று பெயர். பஹாகியா என்றால் மகிழ்ச்சி. இன்று சிகிச்சை பெறுவோரில் மிகப் பெரும்பாலோர் மருந்தை வாங்கிக்கொண்டு அன்றே வீடு திரும்புகின்றனர். மனச்சோர்வுக்கான மருந்து பலன் தர இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதங்களாவது தொடர வேண்டியிருக்கும். "நன்றாகிவிட்டதே" என்று தாமாக நிறுத்துவதுதான் மீண்டும் விழுவதற்கு முதற்காரணமாக அமைகிறது.

ஆலயத்தின் கடமை

மனம் நொந்தவர் மருத்துவமனைக்குப் போகுமுன் ஆலயத்திற்குத்தான் வருகிறார். கருவறை முன் நெடுநேரம் அழுதுகொண்டிருப்பவரை முதலில் காண்பவர் குருக்கள். அன்னதானத்தில் இலையைத் தொடாமல் எழுந்து போகிறவரைக் காண்பவர் பரிமாறும் தொண்டர். அவர்கள் ஒரு சொல் சொல்லலாம். "அர்ச்சனை செய்துவிட்டேன் அம்மா, நாளை கிளினிக்கிற்கும் போய் வாருங்கள்" என்று குருக்கள் சொன்னால், மகன் சொல்லிக் கேட்காத தாயும் கேட்பார். ஆலய அறிவிப்புப் பலகையில் உதவி எண்களை எழுதி வைக்கலாம். துணைக்கு ஆளில்லாதவரோடு மகளிர் பிரிவினர் ஒருவர் மருத்துவமனைக்குச் செல்லலாம். வள்ளுவர் சொன்ன நால்வரில் உடனிருந்து கவனிப்பவரின் இடம்தான் பல வேளைகளில் காலியாக இருக்கிறது. அந்த இடத்தை ஆலயம் நிரப்ப இயலும்.

கண்ணில் புரை வந்தால் அம்பாளுக்குக் கண்மலர் சாத்துகிறோம். கண் மருத்துவரிடமும் செல்கிறோம். ஒன்று மற்றொன்றைக் குறைத்ததாக எவரும் எண்ணுவதில்லை. மனத்திற்கும் அந்த வழியே போதும். வேண்டுதலோடு வந்திருக்கும் அன்பர்கள் தீபாராதனை கண்டு, திருநீறு பெற்று, துணிவோடு அடுத்த படியை எடுத்து வைக்க அன்னை அருள் புரிவாளாக!