நகரத்தின் குணம்

ஒருவனுடைய குணத்தை அறிய விரும்புவோர் அவன் மேடையில் ஆற்றும் சொற்பொழிவைக் கேட்பதோடு நிற்பதில்லை. வீட்டில் ஏவலாளிடம் எப்படிப் பேசுகிறான், வந்த விருந்தினரை எங்கே அமர்த்துகிறான், கடைக்காரரிடம் எப்படிக் கணக்குத் தீர்க்கிறான் என்பவற்றையும் கவனிக்கிறார்கள். நகரத்தின் குணத்தை அறிவதற்கும் இதுவே வழி. நகரத்திற்கும் ஒரு மேடை உண்டு. ஒரு வீடும் உண்டு. வானளாவிய மாளிகைகளும் வண்ண விளக்குகளும் சிலைகளும் அதன் மேடை. நாள்தோறும் நாம் நின்றும் நடந்தும் காத்திருந்தும் பொழுதைக் கழிக்கும் இடங்களே அதன் வீடு.

சென்னையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் மாணவர்கள் எதை எழுதுகிறார்கள்? சென்ட்ரல் நிலையத்து மணிக்கூண்டையும் உயர்நீதிமன்றத்தையும் மெரீனாக் கடற்கரையையும் எழுதுகிறார்கள். அவை பெருமைக்குரியவையே. ஆயினும், சென்னையில் வாழும் ஒருவர் தம் வாழ்நாளில் உயர்நீதிமன்ற வாயிலில் எத்தனை முறை நிற்பார்? பேருந்து நிறுத்தத்தில் எத்தனை முறை நிற்பார்? எண்ணிப் பாருங்கள். வாழ்க்கையின் பெரும்பகுதி எங்கே கழிகின்றதோ அங்கேயன்றோ நகரத்தின் குணம் விளங்கும்!

இவ்வுண்மையை வற்புறுத்திய மேனாட்டறிஞர் ஒருவர் நம் ஊருக்கே வந்திருக்கிறார். அவர் ஸ்காட்லாந்து நாட்டவரான பாட்ரிக் கெடிஸ். உயிரியல் பயின்று, பின்னர் நகரங்களை ஆராய்ந்தவர். சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்டு பிரபுவின் அழைப்பை ஏற்று 1914-இல் இந்தியாவிற்கு வந்தார். நகரங்களைப் பற்றிய படங்களும் வரைபடங்களும் அடங்கிய அவருடைய கண்காட்சி வேறொரு கப்பலில் வந்தது. அக்கப்பலை ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் மூழ்கடித்துவிட்டது. ஆம், அதே ஆண்டில் சென்னைமீது குண்டு வீசிய அந்த எம்டனேதான்! கெடிஸ் மனம் தளரவில்லை. நண்பர்கள் புதிதாகத் திரட்டி அனுப்பிய படங்களைக்கொண்டு 1915-இல் சென்னையில் கண்காட்சியை நடத்திக் காட்டினார். பிறகு மாகாணத்து ஊர்கள் பலவற்றிற்கும் சென்றார். நோயை அறியாமல் மருந்து கொடுப்பது மருத்துவனுக்கு அழகன்று; அதுபோலத் தெருவில் நடந்து பாராமல் நகரத்திற்குத் திட்டம் வகுப்பது தவறு என்பது அவர் கொள்கை.

அவர் காட்டிய வழியில் நாமும் சற்று நடந்து பார்ப்போம். நான் நடக்க விரும்புவது திருவள்ளூர் மாவட்டத்தில். 'நகரத்தைப் பற்றிப் பேசுபவர் மாவட்டத்திற்கு ஏன் போகிறார்?' என நீங்கள் கேட்கலாம். சென்னை இன்று மாநகராட்சி எல்லையோடு முடிவதில்லை. அதன் உழைப்பாளர்கள் உறங்குவதும், அதன் தண்ணீர் தேங்குவதும், அதன் ஆலைகள் பல இயங்குவதும் இம்மாவட்டத்தில்தான். ஒரு வீட்டை அறிய அதன் முன்கூடத்தை மட்டும் பார்த்தால் போதுமா? அடுக்களையையும் கிணற்றடியையும் பார்க்க வேண்டாமா?

சென்ட்ரலிலிருந்து புறநகர் இரயில் பாதைகள் இரண்டு இம்மாவட்டத்திற்குள் செல்கின்றன. ஒன்று மேற்கே ஆவடி, திருவள்ளூர் வழியாக அரக்கோணம் போவது. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னகத்தின் முதல் பயணிகள் இரயில் சென்றது இவ்வழியில்தான். மற்றொன்று வடக்கே எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி வழியாகக் கும்மிடிப்பூண்டி போவது. நிலையங்களின் பெயர்களைப் படித்தாலே நகரம் வளர்ந்த கதை தெரியும். திருநின்றவூர் என்பது அடியார் ஒருவர் வாழ்ந்த ஊரின் பெயர். இந்துக் கல்லூரி என்பது ஒரு கல்விச்சாலையின் பெயர். விம்கோ நகர் என்பது தீப்பெட்டி செய்த நிறுவனத்தின் பெயர். கோயிலும் கல்லூரியும் ஆலையும் ஒரே பாதைக் குடும்பத்தில் நிலையங்களாக நிற்கின்றன.

அந்நிலையங்களின் நடைமேடைகளை விடியற்காலையில் பாருங்கள். பூக்கூடையோடு ஒருத்தி, கீரைக்கட்டோடு ஒருத்தி, சாப்பாட்டுப் பையோடு தொழிலாளி, புத்தகத்தோடு மாணவி என எல்லாரும் ஒரே மேடையில் நிற்கிறார்கள். கூடை சுமப்போருக்கென்று வண்டியில் தனிப்பெட்டி உண்டு. இதை வகுத்தவர் யாராயினும், சுமையோடு வரும் மனிதரை நினைத்து வகுத்தார் என்பதில் ஐயமில்லை. பொது இடம் என்பதற்கு நான் கொள்ளும் இலக்கணமும் இதுவே. வலியவருக்கு எங்கும் இடம் கிடைக்கும். எளியவரை நினைத்து அமைத்த இடமே பொது இடம்.

ஆகவே எந்த இடத்தைக் கண்டாலும் மூன்று கேள்விகளைக் கேட்குமாறு என் மாணவர்களுக்குச் சொல்லி வந்தேன். இங்கே நிழல் உண்டா? நீர் உண்டா? காசு கொடாமல் நிற்க இடம் உண்டா? இந்த மூன்று கேள்விகளோடு, ஒரு பழைய இடத்தையும் ஒரு புதிய இடத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

பழைய இடம், திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலை அடுத்த திருக்குளம். அமாவாசை தோறும் வெளியூர்களிலிருந்து பெருந்திரளாக மக்கள் வருகிறார்கள். முதல்நாள் இரவே வந்து தங்குவோரும் பலர். அவர்களுக்குக் குளத்தில் நீர் உண்டு. மண்டபத்தில் நிழல் உண்டு. படிக்கட்டிலே அமர இடம் உண்டு. முன்பின் அறியாத வழிப்போக்கர் வருவார் என எதிர்பார்த்தே நம் முன்னோர் அந்த இடத்தை அமைத்தார்கள்.

புதிய இடம், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் ஆலை வாயில். முறை மாறும் வேளையில் ஒரு கூட்டம் வெளியே வர, மற்றொரு கூட்டம் உள்ளே செல்லும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் மேற்கு வங்காளத்திலிருந்தும் வந்த இளைஞர்கள் அக்கூட்டத்தில் உண்டு. ஆந்திர எல்லை அருகிலிருப்பதால் தெலுங்கு பேசுவோரும் உண்டு. 1990-ஆம் ஆண்டு முதல் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றும் அவ்வூரில் இருந்து வருகிறது. இத்தனை பேரும் எங்கே சந்திக்கிறார்கள்? தேநீர்க் கடையில்தான்! ஒரு பெஞ்சும் ஓர் ஓலைப்பந்தலும் தவிர அங்கே வேறு வசதி இல்லை. ஆயினும் 'இன்னொரு டீ' என்று தமிழில் கேட்கக் கற்றுக்கொள்கிறான் ஒடிசா இளைஞன். கடைக்காரர் இந்தியில் சில்லறை எண்ணக் கற்றுக்கொள்கிறார். குளக்கரை மண்டபம் செய்த தொண்டை இன்று ஒரு பந்தல் செய்கிறது. கடைக்காரரை நான் பாராட்டுகிறேன். ஆனால், கோடிக்கணக்கான பணம் செலவிட்டு ஆலைகளை எழுப்பிய நாம், வாயிலுக்கு வெளியே ஒரு மரத்தையும் ஒரு குடிநீர்க் குழாயையும் ஒரு திண்ணையையும் திட்டத்திலே சேர்க்க ஏன் மறக்க வேண்டும்?

இனி ஏரிக்கரைக்குச் செல்வோம். ஏரிக்கரை நகரத்து இடமா எனில், அதுவே நகரத்தின் முதல் இடம் என்பேன். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் கட்டி முடிக்கப்பட்டது. சென்னை மேயராக இருந்து அதற்காகப் பாடுபட்ட சத்தியமூர்த்தியின் பெயரை அது தாங்கி நிற்கின்றது. 1996-இல் கிருஷ்ணா நீர் கால்வாய் வழியாக அங்கே வந்து சேர்ந்தது. அப்படியிருந்தும் 2019-ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டியும் புழலும் ஏறக்குறைய வறண்டன. சென்னை மக்கள் குடங்களோடு லாரிக்குக் காத்து நின்றார்கள். குழாயைத் திருகினால் நீர் வரும் என்பது மட்டும் அறிந்திருந்த நகரம், அந்தக் கோடையில்தான் ஏரிகளின் பெயர்களைக் கற்றுக்கொண்டது.

2020-இல் கும்மிடிப்பூண்டி வட்டத்தில் கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை என்னும் இரண்டு ஏரிகளை இணைத்துச் சென்னைக்காகப் புதிய நீர்த்தேக்கம் ஒன்று திறக்கப்பட்டது. அதே தேர்வாய்கண்டிகையில் சிப்காட் தொழிற்பூங்கா ஒன்றும் உண்டு. ஊரார் ஆடு மாடு மேய்த்து வந்த நிலம் தொழிற்பூங்காவிற்கு எடுக்கப்பட்டபோது அவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அரசின் ஏட்டில் அது ஒரு நில எண். ஊராருக்கோ அது விறகு பொறுக்கும் இடம். கன்று துள்ளும் இடம். சிறுவர் விளையாடும் இடம். சிற்றூரின் அன்றாட இடத்தை எடுத்துக்கொண்டுதான் நகரம் தனக்கு அன்றாடத் தேவைகளைத் தேடிக்கொள்கிறது. தொழில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலையின்றி வாடும் இளைஞரைக் கண்டவன் அவ்வாறு சொல்ல மாட்டான். பெற்றுக்கொண்ட நகரம் கொடுத்த ஊரை மறக்கக் கூடாது. எடுத்த பொது இடத்திற்கு ஈடாக வேறொரு பொது இடத்தையேனும் தர வேண்டும் என்றே சொல்கிறேன்.

இளைஞர்களாகிய நீங்கள் இதில் என்ன செய்ய முடியும்? ஆசிரியனாக நான் கையாண்ட பயிற்சி ஒன்று உண்டு. வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை வரைந்து காட்டுமாறு மாணவர்களைக் கேட்பேன். நடந்து வரும் பிள்ளைகள் புளியமரத்தையும் மிதிவண்டிக் கடையையும் அடிகுழாயையும் நாய் படுத்திருக்கும் திருப்பத்தையும் வரைவார்கள். வேனில் வரும் பிள்ளைகள் ஒரு வீட்டையும் ஒரு பள்ளியையும் வரைந்து, இடையே ஒரு கோடு இழுப்பார்கள். அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கவலை உண்டாகும். குறை பிள்ளைகளுடையதன்று. நடந்து செல்ல இடமில்லாத சாலைகளை அமைத்த நம்முடையது. ஊரைக் கோடாக மட்டும் காணும் தலைமுறை, நாளை அவ்வூரின் குளம் தூர்ந்தாலும் மரம் வீழ்ந்தாலும் எவ்வாறு அறியும்?

திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார் நாயனாரை அறிவீர்கள். கோயில் கட்டப் பொருள் கிட்டாமையால் மனத்திலேயே ஒரு கோயிலைக் கட்டியவர் அவர். கோயிலை மட்டுமா கட்டினார்? கிணறும் மதிலும் குளமும் மனத்திலேயே அமைத்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. இல்லாத கோயிலைக் கட்டும்போதும், வருபவருக்குத் தண்ணீர் வேண்டுமே என்று நினைத்த உள்ளம் அது! நம்மிடம் பொருள் இருக்கிறது, பொறியியல் இருக்கிறது. அந்த நினைவு இருந்தால் போதும்.

வருகின்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊரில் ஓர் இடத்தைத் தேர்ந்து கொள்ளுங்கள். பேருந்து நிறுத்தமோ, சந்தையோ, ஏரிக்கரையோ, எதுவாயினும் சரி. அரைமணி நேரம் அங்கே நில்லுங்கள். யார் வருகிறார்கள், யார் வர அஞ்சுகிறார்கள், முதியவர் எங்கே அமர்கிறார், வெயிலில் நிற்பவர் யார் என்று குறித்துக் கொள்ளுங்கள். குறை கண்டால் ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ எழுதுங்கள். உங்கள் பெயரையும் வகுப்பையும் சேர்த்தே எழுதுங்கள்.