சாட்சிக்குக் காவல் யார்?

(பொதுக்கூட்ட உரையின் சுருக்கம்)



2002 மார்ச் 1 இரவு, குஜராத்தின் வதோதரா நகரில் பெஸ்ட் பேக்கரி தாக்கித் தீவைக்கப்பட்டது. 14 பேர் கொல்லப்பட்டனர். ஊரறிய நடந்த அக்கிரமம்! ஆனால் 2003 ஜூனில், குற்றம் சாட்டப்பட்ட 21 பேரையும் நீதிமன்றம் விடுவித்தது. காரணம் என்ன? கண்ணால் கண்டவர்கள் கூண்டில் ஏறிப் பிறழ்ந்துவிட்டார்கள்.

உயிருக்குப் பயந்தே மாற்றிச் சொன்னதாக முக்கிய சாட்சியான இளம்பெண் பிறகு கூறினார். 2004 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் வழக்கை மகாராஷ்டிராவுக்கு மாற்றி, மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. அங்கே அவர் மீண்டும் மாற்றிப் பேசினார். 2006-ல் உச்சநீதிமன்றம் அவருக்கு ஓராண்டுச் சிறை விதித்தது. ஆனால் காயத்தோடு உயிர் தப்பிய பேக்கரித் தொழிலாளர்கள் மும்பை நீதிமன்றத்தில் உறுதியாகச் சாட்சி சொன்னார்கள். 9 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2012-ல் உயர்நீதிமன்றம் 5 பேரை விடுவித்தது. 4 பேரின் தண்டனையை உறுதி செய்தது.

சாட்சியத்தை மறைக்காதீர் என்ற கட்டளை (அல்குர்ஆன் 2:283) நமக்கு நினைவிருக்கிறது. அதற்கு முந்தைய வசனம், சாட்சிக்குத் தீங்கு நேரக்கூடாது என்கிறதே, அது நினைவிருக்கிறதா? சாட்சி சொல்வது அவர் கடமை. அவரைக் காப்பது யார் கடமை?

முதலில் அரசின் கடமை. 2018 டிசம்பரில் உச்சநீதிமன்றம் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை ஏற்று, நாடு முழுவதும் நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 398-வது பிரிவும், ஒவ்வொரு மாநில அரசும் இத்தகைய திட்டத்தை அறிவிக்க வேண்டும் என்கிறது. 2018 திட்டப்படி, மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் சாட்சியோ, குடும்பத்தாரோ, வழக்கறிஞரோ மனு கொடுக்கலாம். காவல்துறை அதிகாரி 5 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். போலீஸ் காவல், அடையாளத்தை மறைத்தல், வேறிடத்தில் குடியமர்த்தல் எல்லாம் இதில் உண்டு. பாதுகாப்பு ஒரு தடவைக்கு 3 மாதத்துக்கு மேல் தரப்படுவதில்லை. வழக்கோ வருடக்கணக்கில் நடக்கும். எனவே கெடு முடியுமுன் மீண்டும் கேட்க வேண்டும்.

அடுத்து நம் கடமை. மிரட்டப்படும் சாட்சிக்கு மனு எழுதிக் கொடுக்க, வாய்தா நாளில் துணைக்குப் போக, ஒவ்வொரு ஜமாஅத்திலும் நான்கு பேர் வேண்டாமா?

கடைசியாக ஒன்று. மிரட்டுபவர் நம் உறவினராக இருந்தால்? மிரட்டப்படுபவர் மாற்று மதத்தவராக இருந்தால்? உற்றார் உறவினருக்கு எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்கச் சொல்கிறான் இறைவன் (4:135). அப்போதும் சாட்சியின் பக்கமே நிற்போம்.