கேள்வி கேட்கிற பிள்ளை



கத்தோலிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரிதும் வேண்டுவது விசுவாசமா, ஞானமா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய சகோதரி விசுவாசத்துக்காக உருகி உருகிப் பேசினாங்க. நானும் உருகினேன். ஆனா நடுவில ஒரு வார்த்தை சொன்னாங்க பாருங்க: "சின்னப் பிள்ளைங்க கேள்வி கேட்கக் கூடாது, நம்பணும், அறிவு வளர வளர விசுவாசம் தேயும்." அங்கேதான் ஐயா எனக்கு உருகினது உறைஞ்சு போச்சு. (சிரிப்பு)

பரீட்சைக்கு முதல் நாள் கோவில் பக்கம் போய்ப் பாருங்க. அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி வைக்க இடம் கிடைக்காது. ஹால் டிக்கெட்டை மந்திரிச்சு வாங்கிட்டுப் போற அம்மாக்கள், வேளாங்கண்ணிக்கு நடந்தே வர்றேன்னு நேர்ந்துக்கிற அப்பாக்கள். தப்பில்லை. ஆனா என்ன கேட்கிறோம்? மார்க்கு! "ஆண்டவரே, படிச்ச கேள்வியே வரணும்." பையன் நெற்றியில சிலுவை போட்டுப் பேனாவைத் திறக்கிறான், அடுத்த நிமிஷம் முன் பெஞ்சுப் பையன் பேப்பரை எட்டிப் பார்க்கிறான். (சிரிப்பு) இதுக்குப் பேர் விசுவாசமா?

சாலமோன் அரசர் என்ன கேட்டார்? கிபயோனில் கனவிலே கடவுள் வந்து, "உனக்கு என்ன வேணும்"னு கேட்கிறார். நீண்ட ஆயுள் கேட்கலாம், செல்வம் கேட்கலாம், எதிரியை ஒழிச்சுக் கட்டுன்னு கேட்கலாம். அவர் கேட்டது, மக்களுக்கு நீதி சொல்ல நல்லது கெட்டது பிரித்தறியும் உள்ளம். எபிரேய மூலத்திலே அதைக் 'கேட்கும் இதயம்' என்று பொருள்படச் சொல்லியிருக்கு. நம்ம தமிழோட அழகைப் பாருங்க ஐயா! 'கேள்' என்றால் காதாலும் கேட்கலாம், வாயாலும் கேட்கலாம். வள்ளுவர் கல்விக்கும் அறிவுடைமைக்கும் நடுவிலே கேள்வி என்று ஒரு அதிகாரமே வைத்தார். அது காதால் கேட்கிற கேள்வி. வாயால் கேட்கிற கேள்வியை மட்டும் நாம் பாவக் கணக்கில் எழுதலாமா?

ஞானம் வாங்கின அதே அதிகாரத்திலேயே சாலமோனுக்குப் பரீட்சை வந்துவிடுகிறது. ஒரே வீட்டில் வாழும் இரண்டு பெண்கள். ஒரு குழந்தை செத்துப் போச்சு. உயிரோடு இருக்கிற குழந்தை என்னுடையதுன்னு இரண்டு பேரும் சொல்றாங்க. சாட்சி கிடையாது. அரசர் கண்ணை மூடிக்கிட்டு வானத்திலிருந்து குரல் வரட்டும்னு உட்காரல்லை. வாளைக் கொண்டு வா என்கிறார். அந்த வாள் வெட்டுறதுக்கு இல்லீங்க, அது ஒரு கேள்வி! தாய் மனசு எதுன்னு கேட்ட கேள்வி. பதில் ஒரு நொடியில் வந்தது. (கைதட்டல்)

எதிரணி நண்பர் சிரிக்கிறார். தெரியும் ஐயா, "அதே சாலமோன் வயசான காலத்திலே வேறு தெய்வங்கள் பின்னால் போனாரே"ன்னு அடுத்து வந்து கேட்பீங்க. போனார். இளமையில் கேட்ட மனுஷன் முதுமையில் கேட்கிறதை நிறுத்திட்டார். அதனால்தான் போனார் என்பது என் கட்சி.

லூக்கா நற்செய்தியை எடுங்க. இயேசுவுக்கு அப்போ பன்னிரண்டு வயசு. நம்ம கணக்கில் ஏழாம் வகுப்பு. பிள்ளையைக் காணோம்னு தாயும் தந்தையும் தேடி அலைஞ்சு, மூணாம் நாள் எருசலேம் கோவிலிலே கண்டுபிடிக்கிறாங்க. என்ன செய்துகொண்டிருந்தார்? போதகர்கள் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டும் அவர்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டும் இருந்தார். ஒரு போதகராவது "வாயை மூடுடா"ன்னு சொன்னதா எழுதியிருக்கா? பிள்ளையோட அறிவைப் பார்த்து மலைத்துப் போனாங்கன்னுதான் எழுதியிருக்கு.

அடுத்தது தோமையார். சாந்தோமில் கல்லறை, பரங்கிமலையில் உயிர் விட்டார் என்பது மரபு. நம்ம ஊர்க்காரர் மாதிரி! அவரைச் 'சந்தேகத் தோமா'ன்னு பட்டம் கட்டி வச்சிருக்கோம். கடைசி இராவுணவில் நடந்ததை மறந்துட்டோம். ஆண்டவர், நான் போகும் இடத்துக்கு வழி உங்களுக்குத் தெரியும் என்கிறார். அத்தனை பேரும் புரிஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்காங்க. ஸ்கூல்ல நடக்கிறதுதான்! ஒருத்தர் மட்டும், போகிற இடமே தெரியாதே, வழி எப்படித் தெரியும்னு கேட்டார். அதுக்குப் பதிலாகத்தான், வழியே நான்தான் என்ற வார்த்தை கிடைத்தது. தோமா கேட்கலைன்னா? யோவான் நற்செய்தியிலே அந்த இடத்தில் நமக்கு என்ன இருந்திருக்கும்?

அறிவு வளர்ந்தால் விசுவாசம் தேயும் என்கிறீர்களே, ஜார்ஜ் லெமேத்ர் என்று பெல்ஜியத்துப் பாதிரியார் ஒருவர். 1927-ல் பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது என்று கணக்குப் போட்டு எழுதினார். ஐன்ஸ்டீனே முதலில் ஏற்கவில்லை, பிறகு ஏற்றுக்கொண்டார். 1931-ல், எல்லாமே ஒரு ஆதி அணுவிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்றார். இன்றைக்குப் பெருவெடிப்பு என்று பிள்ளைகள் படிக்கிற பாடத்துக்கு அதுதான் வித்து. அங்கி போட்ட சாமியார் ஐயா! 1951-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அந்த அறிவியலைப் படைப்புக்குச் சான்று போலப் பேசியபோது, இரண்டையும் அப்படி முடிச்சுப் போட வேண்டாம் என்று நினைத்தவரும் அவரேதான். 1966-ல் சாகும் வரை பூசையும் விடவில்லை, கணக்கும் விடவில்லை. (கைதட்டல்)

ஒன்றே ஒன்று சொல்லி முடித்துவிடுகிறேன். ஊர் பேர் வேண்டாம். ஆறாம் வகுப்புப் பையன். அம்மா ஆஸ்பத்திரியில். தினமும் ஐம்பத்து மூணு மணி செபமாலை முழங்காலில் நின்னு சொன்னான். அம்மா இறந்துட்டாங்க. மறைக்கல்வி வகுப்பிலே எழுந்து கேட்டான், "நான் சொன்னேனே, ஏன் செத்துப்போனாங்க?" அப்படிக் கேட்பது பாவம்னு உட்கார வச்சுட்டாங்க. அன்றையிலிருந்து கேள்வியும் நின்னுச்சு, வீட்டு ராத்திரி செபத்தில் அவன் குரலும் நின்னுச்சு. அப்பா அடிச்சுப் பார்த்தார். நடக்கல்லை.

அவன் பாட்டி, பள்ளிக்கூடம் பக்கமே போகாத கிழவி. ஒருநாள் சிலுவைக்கு முன்னால் அவனை இழுத்து உட்கார வச்சுச் சொல்லிச்சு: "எனக்கும் தெரியலடா ராசா. அந்தா தொங்குறாரே, அவரும் சாகும்போது ஏன் என்னைக் கைவிட்டன்னுதாண்டா கேட்டாரு. வா, ரெண்டு பேருமாச் சேர்ந்து அவர்கிட்டயே கேப்போம்." அன்னிக்கு ராத்திரி பையன் வாயைத் திறந்தான். செபம் இல்லை, அழுகை. பாட்டி விடவே இல்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துச்சு.

சகோதரி, இந்தப் பாட்டியை நீங்க உங்க அணிக்குக் கேட்பீங்க. நான் எங்க அணிக்குக் கேட்கிறேன். நடுவர் ஐயா பார்த்துச் சொல்லட்டும். (பலத்த கைதட்டல்)